ஏழு பேர்ச்சஸுக்கு ஒரு மரவேலி: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

எங்கள் வேலிக்கு இரண்டு தூண்கள் குறைந்துபோயின. பலகை, சட்டம், ஆணி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. தச்சு பாஸும் உதவியாளும் காலையிலேயே வந்து தேநீர் குடித்துவிட்டுக் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் பாஸ் கேட்டார்: "குழிக்கு அடித்த முளை 26, தூண் 24. மிச்சம் எங்கே?" மிச்சம் எங்கேயும் இல்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருப்பது ஒரு கட்டம்; 24 கட்டம் உள்ள வேலிக்கு 24 தூண் என்று எழுதியது என் கைதான். அந்த இரண்டு தூண்களுக்காக மறுபடி ஒரு வண்டி பேசினோம். அரை நாள் கூலியும் வீண். தூண்களின் விலையைவிட அவை வந்து சேர்ந்த செலவு அதிகம்.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்னும் வரிசை வீட்டை விட்டுத் தனி வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேலிக்கணக்கு பழக்கமில்லாத ஒன்று. லயத்தில் வாசலில் உள்ள கானை, அதாவது வடிகாலை, தாண்டினால் அடுத்தவர் இடம், அவ்வளவுதான் எல்லை. மரக்கறிப் பாத்திக்கு வேலி என்றால் கவாத்துக் குச்சி, பழைய தகரம், கிழிந்த சாக்கு என்று கையில் கிடைத்ததைக் கட்டுவோம்; யாரும் விலை கேட்டதில்லை. காசு கொடுத்து மரம் வாங்கும்போது அப்படி முடியாது. கடையில் விலை கேட்பதற்கு முன் எவ்வளவு வேண்டும் என்பது நம் கொப்பியில் இருக்க வேண்டும். அதை எழுதும் முறையை என் நிலத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் டேப்

ஒரு பேர்ச்சஸ் என்பது 272¼ சதுர அடி. தோட்டப்புற வீடமைப்புத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட ஏழு பேர்ச்சஸ் 1,906 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. பரப்பைத் தெரிந்துகொள்வதால் வேலிக்கு ஒரு பயனும் இல்லை. வேலிக்கு வேண்டியது சுற்றளவு, அதிலும் வேலி போடப்போகும் பக்கங்களின் நீளம் மட்டும். என் நிலம் ஏறக்குறைய 38க்கு 50 அடி. முன்னால் பாதையோரம் 38 அடி, இரண்டு பக்கமும் 50 அடி. பின்னால் தேயிலை மலையின் உயர்ந்த மண்திட்டு இருப்பதால் அங்கே வேலி வேண்டாம்.

மலைநாட்டுக்காரர் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். நில அளவைப் படத்தில் எழுதியிருக்கும் 50 அடி மட்டமாக அளந்த தூரம். தரையோடு டேப்பை இழுத்தால் அந்த 50 வராது. என் நிலத்தில் முன்னிருந்து பின்னுக்கு 15 அடி ஏற்றம். எல்லையோரம் மண் வெட்டப்படாமல் பழைய சரிவிலேயே கிடக்கிறது. தரையோடு அளந்தால் 52 அடி காட்டியது. இரண்டு அடிதானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு அளவும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு பொருளுக்கு. குறுக்குச் சட்டம் சரிவோடு ஓடுவதால் அதற்குத் தரையளவு, 52. நிமிர்ந்து நிற்கும் பலகைக்கு மட்ட அளவு, 50. சரிவு எவ்வளவு கூடினாலும் பலகையின் எண்ணிக்கை கூடாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒரு தாளில் சாய்கோடு ஒன்று வரைந்து, அதன்மேல் நேர்க்குத்தாகக் கோடுகள் போட்டுப் பார்த்தால் புரியும்.

மட்ட அளவு எடுக்க இருவர் போதும். ஒருவர் மேட்டில் டேப்பின் நுனியைத் தரையோடு பிடிக்க, மற்றவர் பத்து அடி கீழே போய் டேப்பை மட்டமாக உயர்த்தி, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் முளை அடிக்க வேண்டும். பிறகு அந்த முளையிலிருந்து அடுத்த பத்து அடி. ஒவ்வொரு முறையும் டேப் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது என்று எழுதிக்கொண்டால் மொத்த ஏற்றமும் கூடவே கிடைத்துவிடும். டேப் மட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சரிவில் நிற்கும்போது கண் ஏமாற்றும். பாஸ்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். அது பொய் சொல்லாது.

அளக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, எல்லைக்கல்லை இருவருமாகப் பார்த்துவிடுவது நல்லது. கல்லிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே தள்ளி நூல் கட்டினால் நாளைக்குப் பலகை மாற்றும்போது அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க வேண்டியிருக்காது. பாதையோர வேலிக்கு முன் பிரதேச சபையில் ஒரு வார்த்தை கேளுங்கள். வீதிக் கோட்டுக்குள் வேலி போட்டுப் பிறகு பிடுங்குவது இரட்டைச் செலவு. கானை மறித்தும் தூண் நட வேண்டாம். மழைக்காலத்தில் கான் அடைத்து மண்திட்டு ஊறினால் வேலியோடு நிற்காது, மண்சரிவுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி

நான்கு அடி போதும். மாடு, ஆடு, பக்கத்து நாய் ஆகியவற்றை அது நிறுத்தும். நுவரெலியாப் பக்கம் இரவில் வரும் மரைக்கு நான்கு அடி ஒரு பொருட்டல்ல, தாண்டிவிடும். காட்டுப்பன்றி தாண்டாது, அடியில் முட்டித் தூக்கும். பன்றிக்காக உயரத்தைக் கூட்டுவதில் பயனில்லை, கீழ்ச் சட்டத்தைத் தாழ்த்திப் போடுங்கள்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடைத்துக் கட்ட ஆசை வரும். அடைத்த வேலி காற்றுக்குப் பாய்மரம். அம்பேவெல, பட்டிப்பொலப் பக்கம் அடிக்கும் காற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குமேல் மரச் செலவும் இருக்கிறது. மூன்று அங்குலப் பலகைக்கு இரண்டு அங்குல இடைவெளி விட்டால் என் வேலிக்கு 322 பலகை; இடைவெளியே இல்லையென்றால் 536. பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது அடைத்த வேலியிலும் எப்படியும் விரிசல் தெரியும்.

சரிவில் வேலி இரண்டு விதமாக ஏறலாம். சட்டங்களை மட்டமாக வைத்துக் கட்டத்துக்குக் கட்டம் படிபோல ஏறுவது ஒன்று. சட்டங்களைச் சரிவோடு சாய்த்துப் பலகைகளை மட்டும் நேராக நிறுத்துவது மற்றொன்று. படி வேலி பார்க்க அழகு. ஆனால் 50 அடிக்கு 15 அடி ஏற்றம் என்றால் ஐந்தரை அடிக் கட்டம் ஒன்றுக்கே ஏறக்குறைய 20 அங்குலம் ஏறுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் கீழ்ப்புறமும் நாய்க்குட்டி என்ன, நாயே நுழையும் சந்து விழும். தூண்களும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். இந்தச் சரிவுக்குச் சாய்வேலிதான் சரி. பாதையோர மட்ட நிலத்தில் உங்கள் இஷ்டம்.

எண்ணிக்கை

காற்றும் நெகிழ்ந்த மண்ணும் உள்ள இடத்தில் தூணுக்குத் தூண் ஆறு அடிக்கு மேல் போக வேண்டாம். முன்பக்கம் 38 அடியில் கேட்டுக்கு 4 அடி போனால் 34. அதை ஆறால் வகுத்தால் 5.67, மேலே முழுமையாக்கினால் 6 கட்டம். ஒவ்வொன்றும் 5 அடி 8 அங்குலம். பக்கவாட்டில் 50ஐ ஆறால் வகுத்தால் 8.33, ஆக 9 கட்டம். இரண்டு பக்கத்துக்கும் 18. மொத்தம் 24 கட்டம்.

ஒரே ஓட்டமாகப் போகும் வேலியில் கட்டத்தைவிடத் தூண் ஒன்று கூட. கை விரலைப் பாருங்கள், ஐந்து விரலுக்கு நடுவே நான்கு சந்து. என் வேலியைக் கேட் இரண்டாகப் பிரிக்கிறது. இடது பக்கம் 9 கட்டம், 10 தூண். கேட்டுக்கு மறுபுறம் முன்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து 15 கட்டம், 16 தூண். கூட்டினால் 26. நான் தொலைத்த இரண்டு தூண்கள் இவைதான். நான்கு பக்கமும் கேட் இல்லாமல் மூடிய வேலி என்றால் மட்டுமே கட்டமும் தூணும் சமமாக வரும். அப்படி ஒரு வேலிக்குள் வீட்டுக்காரர் எப்படிப் போவார் என்பது வேறு கேள்வி.

26 தூண்களும் ஒரே நீளம் வேண்டாம். சாதாரணத் தூண் 6 அடி: நான்கு அடி வெளியே, இரண்டு அடி மண்ணுக்குள். மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது பழைய வழக்கு, நல்ல வழக்கு. மூலைத் தூண், கேட் தூண், வேலி முடியும் கடைசித் தூண் ஆகியவை இழுபடுபவை. என் நிலத்தில் அப்படி 5. அவற்றுக்கு 7 அடி. ஆக 21 தூண் 6 அடியில், 5 தூண் 7 அடியில். மொத்த நீளம் 161 அடி.

நான்கு அடி வேலிக்கு மேலும் கீழுமாக இரண்டு குறுக்குச் சட்டம் போதும். 12 அடிச் சட்டம் ஒன்று இரண்டு கட்டத்தை எட்டும்; சரிவுப் பக்கத்திலும் இரண்டு கட்டம் 11 அடி 7 அங்குலத்துக்குள்தான் வருகிறது. அதை நடுவில் வெட்டாமல் மூன்று தூண்மீது ஓடவிடுங்கள், வேலி இறுகி நிற்கும். மேல் சட்டம் சேரும் தூணிலேயே கீழ்ச் சட்டமும் சேராமல் மாற்றி வையுங்கள். 24 கட்டத்துக்கு இரண்டு வரிசை என்றால் 12 அடிச் சட்டம் 24.

பலகைக்கு மட்ட அளவு: 34, 50, 50 கூட்டினால் 134 அடி, அதாவது 1,608 அங்குலம். பலகை 3, இடைவெளி 2, ஆக ஐந்தால் வகுத்தால் 322. கேட்டுக்கு 10. மொத்தம் 332. பத்துக்கு ஒன்று பிளந்தது, முடிச்சு விழுந்தது, வளைந்தது என்று கழியும். 365 என்று எழுதுங்கள்.

கன அடிக்கு மாற்றுவது

மரம் விற்கும் மரக்காலையில் ஒருவர் அடிக்கணக்கில் விலை சொல்வார், இன்னொருவர் கன அடிக்கு. இரண்டையும் ஒப்பிட ஒரே கணக்குத்தான்: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி.

தூண் 4க்கு 4, நீளம் 161 அடி: 17.9 கன அடி.
சட்டம் 3க்கு 2, நீளம் 288 அடி: 12. கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 13.2. கேட் சட்டத்துக்கு 18 அடி, அது முக்கால் கன அடி. இரண்டும் சேர்ந்து 14 என்று வைத்துக்கொள்ளலாம்.
பலகை 3க்கு 1, நீளம் 4 அடி, 365 துண்டு: 30.4.

மொத்தம் ஏறக்குறைய 62 கன அடி. அதில் பாதி பலகை. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் தூணில்தான் கை வைக்கிறார்கள். 4க்கு 4ஐ 3க்கு 3 ஆக்குகிறார்கள். பார்க்க வேண்டியது பலகையை. இடைவெளியை இரண்டிலிருந்து மூன்று அங்குலமாக்கினால் ஐந்து கன அடி மிச்சம். ஒரு அங்குலப் பலகையை முக்கால் அங்குலமாக்கினால் ஏழரைக் கன அடி மிச்சம். வேலியின் பலம் இதனால் பெரிதாகக் குறையாது. கோழி வளர்ப்பவர்கள் மட்டும் மூன்று அங்குல இடைவெளியைப் பற்றி யோசிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் 4க்கு 4 என்று சொல்வது சில வேளை மூன்றே முக்கால்தான் இருக்கும். அறுக்கும்போது வாள் தின்றது என்பார்கள். தின்றதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். டேப்பைக் கையோடு கொண்டுபோய் நான்கைந்து துண்டைக் குறுக்கே அளந்து, உள்ள அளவில் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

முழு மரத் துண்டாக வாங்கி அறுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள துண்டு இப்படி 10 கன அடி. உண்மையில் அதில் இருப்பது 12.7. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். பட்டை, வளைவு, வாள் என்று போக, சதுரமாகக் கிடைப்பது இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்.

எந்த மரம்

எங்கள் பக்கத்து லயத்தில் பழைய வேலி ஒன்றைப் பிரித்தபோது, பிடுங்கிய தூணில் பேனாக்கத்தியைக் குத்திப் பார்த்தேன். வெளியே நின்ற பகுதியில் கத்தி நுனி மட்டும் இறங்கியது. மண்ணுக்குள் ஒன்றரை அடியில் இருந்த அடிப்பகுதியும் அப்படியே, கெட்டி. தரை மட்டத்தில் குத்தினால் பிடிவரை போனது. இழுத்தபோது ஈரத் தேயிலைச் சக்கைபோல மரம் கூட வந்தது. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மேலே ஈரம் நிற்பதில்லை, ஆழத்தில் காற்று இல்லை. தரை மட்டத்தில் இரண்டும் உண்டு. ஒரு வேலியின் ஆயுள் அந்த ஒரு சாண் இடத்தில் இருக்கிறது. காசை அங்கே போடுங்கள்.

அதனால் தூணுக்கு ஒரு மரம், மேல் வேலைக்கு ஒரு மரம் என்று பிரித்து வாங்குவதே என் வழி. மலைநாட்டில் எளிதாகக் கிடைப்பவை யூகலிப்டஸ், சவுக்கு, சைப்ரஸ், பைன். சவுக்கு என்று நான் சொல்வது தேயிலைக்குள் நிழலுக்கு வைக்கும் மரம், கடற்கரைச் சவுக்கு அல்ல. சவுக்கும் சைப்ரஸும் பலகைக்கும் சட்டத்துக்கும் நல்லவை. மண்ணுக்குள் வைக்கச் சவுக்கு வேண்டாம். மருந்தேற்றாத பைனும் அல்பீசியாவும் வேலிக்கே வேண்டாம். தூணுக்கு யூகலிப்டஸ் என்றால் வைரம் பாய்ந்த முற்றிய மரமாகக் கேளுங்கள். துண்டின் தலைப்பைப் பார்த்தால் நடுவில் கருத்த வைரமும் ஓரத்தில் வெளுத்த பகுதியும் பிரிந்து தெரியும். வெளுத்த பகுதி அதிகமிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். யூகலிப்டஸ் காயும்போது பிளக்கும் குணமுள்ளது. பலகை நுனியில் ஆணி அடிக்கும் முன் சிறு துளை போட்டுக்கொண்டால் பாதிப் பிளவு தப்பும்.

வட்டவளை, கினிகத்தேனைபோல மழை கொட்டும் இடத்தில் இருப்பவர்கள் தூணை மட்டும் கொங்கிரீட்டில் வாங்கி, சட்டத்தையும் பலகையையும் மரத்தில் போட்டால் நான் குறை சொல்லமாட்டேன். அழகு கொஞ்சம் குறையும். சட்டத்தை முடுக்கத் தூணில் துளை விட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால், மரத்தை அறுக்கும்போது முதலில் விழும் பட்டையோடு கூடிய புறப்பலகையை ஆலைகளில் கேட்டுப் பாருங்கள். விறகு விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். பட்டையை உரித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பட்டைக்குள் ஈரமும் பூச்சியும் குடியிருக்கும்.

தோட்டத்து மலையில் நிற்கும் மரம் நம்முடையதல்ல. ஒரு கிளையானாலும் நிர்வாகத்திடம் கேட்காமல் வெட்ட வேண்டாம். சொந்தக் காணியில் நிற்கும் பலா, ஈரப்பலாவை வெட்டவும் அனுமதி வேண்டும். மரம் ஏற்றிவரப் பெர்மிட் தேவையா என்பதை வண்டி புறப்படும் முன் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டை வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மருந்து, குழி, ஆணி

மருந்தேற்றிய மரம் என்றால் எந்த மருந்து என்று கேளுங்கள். போரோன் ஏற்றிய மரம் வீட்டுக்குள் நல்லது. மழையில் போரோன் கரைந்து போய்விடும், தூணுக்கு உதவாது. பச்சை நிறம் ஏறிய, செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த மருந்தேற்றிய மரம் மண்ணுக்குள் நிற்கும். அதன் வெட்டுத் துண்டுகளை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் எந்த மரத் துண்டும் கடைசியில் அடுப்புக்குத்தான் போகும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: புகையும் சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலைப் பாத்திக்கும் போடக் கூடாது.

மருந்தேற்றாத தூணுக்குத் தார் பூசலாம். நன்றாகக் காய்ந்த பிறகு, மண்ணுக்குள் போகும் பகுதிக்கும் தரைக்கு மேல் ஆறு அங்குலத்துக்கும் இரண்டு முறை. பச்சை மரத்தில் தார் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தை நாமே பூட்டிவைத்தது போலாகும். கழிவு எஞ்சின் எண்ணெயில் ஊறவைப்பவர்களும் உண்டு. பீலிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ பக்கத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

எல்லாத் தூணுக்கும் கொங்கிரீட் போட வேண்டியதில்லை. மரத்தைச் சுற்றிய கொங்கிரீட் கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சாதாரணத் தூணுக்குக் குழியின் அடியில் ஆறு அங்குலம் உடைகல் போட்டு, தூணை நிறுத்தி, கல்லும் மண்ணுமாக அலவாங்கின் பின்புறத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து நிரப்பினால் போதும். இந்த உடைகல்லின் கனத்தையும் சேர்த்துக் குழி இரண்டரை அடி ஆழம் போக வேண்டும். இழுபடும் 5 தூணுக்கு மட்டும் கொங்கிரீட். ஒரு அடி அகலமான வட்டக் குழியில், அடியில் இருக்கும் கல்லுக்கு மேலே இரண்டரை அடி நிரப்பினால் தூணின் கனம் போக ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1.7 கன அடி, ஐந்துக்கும் எட்டரை. ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், ஆறு பங்கு சல்லிக்கல் என்று கலந்தால் 50 கிலோ மூட்டை ஒன்று எட்டுக் கன அடி தரும். குறையும் அரைக் கன அடிக்கு இரண்டாவது மூட்டை வேண்டாம். கலவைக்குள் கழுவிய கருங்கற்களை வைத்து நிரப்பினால் ஒரு மூட்டையோடு முடியும். கொங்கிரீட்டின் மேல்மட்டம் தரையைவிடச் சற்று உயர்ந்து, தூணிலிருந்து வெளியே சரிந்திருக்கட்டும். தூணின் தலையையும் சாய்வாக வெட்டிவிடுங்கள், மழை நிற்காது.

பலகைக்கு நான்கு ஆணி என்றால் 332 பலகைக்கு 1,328. வளைந்து போவதையும் சேர்த்து 1,460. கடையில் ஆணி கிலோவில் விற்கிறார்கள். கிலோவுக்கு எத்தனை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். 100 கிராம் நிறுக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பலகைக்கு இரண்டரை அங்குலம், சட்டத்தைத் தூணில் அடிக்க நான்கு அங்குலம். நாகம் பூசிய ஆணிக்கு விலை அதிகம்தான். சாதா ஆணி இரண்டு மாரிக்குள் துருப்பிடித்துப் பலகையில் கறுப்புக் கண்ணீர் வடிக்கும்.

கேட்டுக்கு இரண்டு பிணைச்சல், ஒரு கொண்டி. கேட்டின் குறுக்குச்சாய்வுச் சட்டம் பிணைச்சல் பக்கத்தின் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல் மூலைக்கு ஏற வேண்டும். மாற்றி அடித்தால் ஆறு மாதத்தில் கேட் தரையை உரசும்.

வர்ணம் என்னும் மறந்த செலவு

வேலியைப் பார்த்தால் 134 அடி நீளம், 4 அடி உயரம், 536 சதுர அடி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு பலகைக்கு முன், பின், இரண்டு ஓரம். 332 பலகையும் 24 சட்டமும் தூண்களின் வெளிப்பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 1,260 சதுர அடி வருகிறது. இரண்டு பூச்சு என்றால் 2,500க்கு மேல். டின்னில் எழுதியிருக்கும் பரப்பு வழுவழுப்பான மரத்துக்கு. சீவாத மரம் அதைவிட நிறையக் குடிக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நான் வெள்ளை வர்ணத்தை விட்டுவிட்டு, மரத்துக்குள் இறங்கும் பாதுகாப்பு எண்ணெய்க்கு மாறினேன். வர்ணம் உரிந்தால் சுரண்ட வேண்டும். எண்ணெய்க்கு மேல் எண்ணெய் பூசினால் போதும்.

விலை கேட்பது

இனித்தான் கடை. கொப்பியில் நான்கு நிரல்: பொருள், அளவு, அலகு விலை, தொகை. முதல் இரண்டும் வீட்டிலேயே நிரம்பிவிட்டன. குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள், மூன்றிலும் ஒரே கேள்விகள்: அறுத்ததா, சீவியதா? பச்சையா, காய்ந்ததா? நீளத்துக்கு வெட்டித் தருவார்களா? ஏற்றுகூலி யாருடையது? சொன்ன விலை எத்தனை நாளுக்கு? கடைசிக் கேள்வி 2022 பொருளாதார நெருக்கடி கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டில் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லாமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

62 கன அடி யூகலிப்டஸ் பச்சையாக இருந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். சிறிய பட்டா லொறிக்கு அது ஒரே நடையில் அடங்காது; எத்தனை நடை என்று முன்பே பேசுங்கள், அல்லது பெரிய வண்டி வரும் பாதையா என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்குப் பெரிய லொறி வராது. கீழ்ப் பாதையில் இறக்கி, 60 படி தோளில் சுமந்தோம். அந்தச் சுமைக்கூலியும் ஒரு வரி. அதை எழுதாதவர்கள் சொந்தக்காரப் பையன்களை நம்புகிறார்கள். பையன்களுக்குச் சோறும் கோழிக்கறியும் வாங்கினால் கூலியைவிட அதிகம் போகும்.

வேலைக்கூலியை நாட்கணக்கில், அடிக்கணக்கில், மொத்தக் கொந்தராத்தில் என்று மூன்று விதமாகப் பேசலாம். குழி தோண்டுவதை நாட்கணக்கில் விடுங்கள். மண்ணுக்குள் கல் இருந்தால் யாருக்கும் நட்டம் வராது, சண்டையும் வராது. எங்கள் 26 குழிக்கு இருவர் ஒன்றரை நாள் எடுத்தார்கள். ஆறு குழியில் பாறை. தச்சு வேலையை அடிக்கணக்கில் பேசலாம். அப்போது எந்த அடி என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். மட்ட அளவில் 134, தரையளவில் 138, கேட்டையும் சேர்த்தால் 142. மொத்தத் தொகைக்கு மேல் பத்து வீதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். அது செலவாகாமல் திரும்பி வந்ததாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் கூட்டித் தரையளவு அடியால் வகுத்தால் ஒரு அடிக்கு எவ்வளவு என்று வரும். கொந்தராத்துக்காரர் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் உங்களைவிடக் குறைவாகச் சொன்னால், எந்த மரம், தூண் எத்தனை அடி ஆழம் என்று கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

எப்போது

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேல் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை குழியில் தண்ணீர் நிற்கும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதற்கு மாறாக ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழையில்லாத காய்ந்த காலம். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கத்திலும் தூண் நட வேண்டாம். மரத்தை ஒன்றிரண்டு மாதம் முன்பே வாங்கி, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, பலகைக்கு நடுவே குச்சி வைத்து, மேலே மட்டும் தகரம் போட்டுக் காயவிட்டால், காய்ந்த மரத்தின் விலைக்கும் பச்சை மரத்தின் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பையில் நிற்கும். பக்கங்களைப் பொலித்தீனால் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வேலி முடிந்ததும் மிஞ்சும் பலகைகளில் நேரான பத்தைப் பொறுக்கி எண்ணெய் பூசி, கூரைக்கடியில் பரண்மேல் போட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் பத்து போட்டோம். இப்போது ஏழு இருக்கிறது.